மருதாணி விரலில் ஓட்டு மை

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஒரு நாடாளுமன்றத் தேர்தல். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. எங்கோ குண்டு வெடித்தால் எங்கள் பள்ளிவாசல் தெருவில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும் காலம் அது. சோதனை என்று வந்து போலீஸ் எங்கள் வீட்டு அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் போன நாளிலிருந்து, இனி ஓட்டே போடுவதில்லை என்று என் வீட்டுக்காரர் முடிவெடுத்துவிட்டார். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முந்தின நாள்தான் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். விரல் நுனியெல்லாம் மருதாணி கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. மை வைக்கக் கையை நீட்டியதும் கட்சி ஏஜென்ட் ஒருவர் எழுந்துவிட்டார். நான் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டேனாம். அந்த மையை மறைக்கத்தான் மருதாணியாம். முகத்தை மூடிக்கொண்டு கள்ள ஓட்டுப் போடுவது எங்களுக்கு வழக்கம்தான் என்று வேறு சொன்னார். வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த தேர்தல் அதிகாரி நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். நம் கதை முடிந்தது என்றே நினைத்தேன். கல்யாண வீட்டில் வந்து விசாரித்துப் பாருங்கள் என்று கெஞ்சத் தொடங்கினேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு ஏஜென்ட் பக்கம் திரும்பினார்.

"இவங்க முன்னாலயே போட்டாங்கன்னு நீருதான் நிரூபிக்கணும்வே. இல்லன்னு இவங்க நிரூபிக்க வேண்டாம். சாட்சி இருக்கா உம்மகிட்ட?"

ஏஜென்ட் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். பைய போய் ஓட்டுப் போடுங்கம்மா என்று அதிகாரி எனக்கு வழிவிட்டார்.

வீடு வாடகைக்குக் கேட்டாலும் சரி, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாலும் சரி, நாங்கள் நல்லவர்கள் என்று நாங்கள்தானே நிரூபித்துக்கொண்டிருந்தோம்? அது என் வேலை இல்லை என்று ஓர் அரசாங்க ஆள் சொல்லி அன்றுதான் கேட்டேன். மறைப்புக்குள் முத்திரையைக் குத்தும்போது அழுகை வந்துவிட்டது.

வெளியே ஓடிவந்து, தெருமுனை வரை போய்விட்ட பெண்களை மறித்தேன்.

"வாங்கட்டி, உள்ள நியாயம் கேக்க ஆளிருக்கு."

அத்தனை பேரும் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள்.

எல்லா மேசைக்குப் பின்னாலும் அவர் இருப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்; ஆனாலும் அப்படி ஒருவர் இருந்தார் என்பதால்தான், இன்றுவரை ஒரு தேர்தலையும் நான் விட்டதில்லை.