தண்ணீருக்குள் நின்ற மேசை

ஸ்கார்பரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டில் ஒரு தளபாடம்கூட வாங்க அக்கா விடமாட்டாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவளுடைய வீடு எரிந்தது. அடுத்த வருஷம் ஒரு சூட்கேஸோடு எங்களிடம் வந்து சேர்ந்தாள். அத்தான் மெட்ராஸில் விசாவுக்குக் காத்திருந்தார். அவர் வரமுதல் அவளுடைய அறைக்கு ஒரு கட்டில், ஒரு மேசை என்று நான் வாய் திறந்தால் போதும்.

"என்னத்துக்கு? எரிக்கவோ?"

வெறும் தரையில் விரித்துப் படுத்தாள். சோற்றுக் கோப்பையையும் மடியில் வைத்துத்தான் சாப்பிட்டாள். சூட்கேஸ் பூட்டியபடி கதவடியில் நின்றது. அத்தான் வந்து அந்த அறையைப் பார்த்தால் இவள் இங்கே இருக்கப்போவதில்லை, நாளைக்கே கிளம்பப்போகிறாள் என்றல்லவா நினைப்பார்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தைந்து கோடையில், ஒஷாவாவில் என் கணவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர், வடக்கே ஏரிக்கரையில் ஒரு வடிவான சின்ன ஊர் இருக்கிறது, ஒருக்கால் போய்ப் பாருங்கள் என்றார். ஒரு சனிக்கிழமை கட்லட் பொரித்துக் கட்டிக்கொண்டு மூவரும் வெளிக்கிட்டோம். வழிநெடுக ஏரிக்கரையில் வீடுகள், முக்கால்வாசி பூட்டிக்கிடந்தன. அவை கோடைக்கு மட்டும் வந்து தங்குகிற இரண்டாவது வீடுகள் என்று கணவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஸ்கார்பரோவில் எங்களுடைய ஆட்கள் இரண்டு அறைக்குள் எட்டுப்பேர் படுத்தெழும்புகிறார்கள், இங்கே வீடு சும்மா கிடந்து நித்திரை கொள்கிறது. ஊருக்குள் போனால் பிள்ளைகளின் சைக்கிள்கள் புல்லில் விழுந்து கிடக்கின்றன, பூட்டுமில்லை, காவலுமில்லை. ஐஸ்கிரீம் கடை, மரப்பாலம், கரையில் கட்டிவைத்த ஒரு பழைய நீராவிப் படகு. எனக்கு வாய் மூடவில்லை.

பிரதான தெருவின் முடிவில் ஒரு பழைய மரவீடு. கதவு ஆவென்று திறந்து கிடந்தது. 'வாருங்கள்' என்று பலகையும் தொங்கியது. உள்ளே நிலம்வரை நீண்ட பாவாடையும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு மனுஷி பாண் சுட மா குழைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்து உள்ளே வரச்சொன்னாள்.

"இங்க இப்பிடித்தான் உடுப்பினமாக்கும்," என்றார் கணவர்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? கட்லட் பெட்டியிலிருந்து பாதியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கதிரைகளுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கணவர் அதைப் பக்குவமாக அவிழ்த்துவைத்தார். மூவரும் உட்கார்ந்து தேத்தண்ணி வரும் என்று காத்திருந்தோம்.

அப்போது அரைக்காற்சட்டையோடு ஒரு வெள்ளைக்காரச் சோடி, கமராவும் கையுமாக வந்து, கயிறு கட்டியிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் நின்று எங்களை உற்றுப் பார்த்தது. பிறகுதான் விளங்கியது, நாங்கள் நூதனசாலைக்குள் காட்சிப்பொருளாகக் குந்தியிருக்கிறோம். இந்த மனிதரோடு எங்கே போனாலும் மானம் போகும் என்று மனசுக்குள் திட்டியபடி எழும்பினேன்.

மா குழைத்தவள் எங்களை எழும்ப விடவில்லை. அவள் நல்லவள். சிரித்து முடித்துவிட்டு, எங்கள் நடுவிலிருந்த மேசையைத் தட்டிக் கதை சொன்னாள். மரம் அரியும் ஆலையால் உண்டான ஊராம் அது. அவளுடைய பாட்டன் காலத்தில் ஒரு கோடை நாள் தெரு முழுக்க எரிந்துபோனதாம். இந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அக்கம்பக்கத்தவர்கள் உள்ளே புகுந்து மேசையைத் தூக்கி ஏரிக்குள் கொண்டுபோய், இடுப்பளவு தண்ணீரில் அதைப் பிடித்தபடி நெருப்பு அடங்கும்வரை நின்றார்களாம். வீட்டைத் திரும்பக் கட்டியதும் கொண்டுவந்து வைத்தார்களாம். குனிந்து பார்த்தேன். மேசைக் காலில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆர் கொளுத்தினதெண்டு கேள்."

கேட்டேன். ஆலையிலிருந்து பறந்த ஒரு பொறிதான் என்றாள் அந்த மனுஷி.

"ஒருத்தரும் கொளுத்தேல்லையோ?"

"இல்லையாம், அக்கா."

"தானா எரிஞ்சதோ?"

அக்காவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். எவரும் கொளுத்தாமல் ஒரு தெரு எரியலாம் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கட மேசையையும் பக்கத்து வீட்டுக்காரன்தான் தூக்கினவன். மதிலுக்குப் பின்னால ஒளிச்சிருந்து பாத்தனான். கொளுத்த முதல் தூக்கிக்கொண்டு போனவன்."

இரண்டு வருஷமாக இதை அவள் எவருக்கும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். அவளுடைய கலியாணத்தில் அவர் பந்தி பரிமாறியவர். கணவர் கயிற்றை எடுத்துத் திரும்பக் கட்டினார்.

திரும்பும் வழியில் பாதித்தூரத்தில் அக்கா திடீரென்று கேட்டாள்.

"எங்களுக்குப் பக்கத்துக் கதவில இருக்கிறது ஆர்?"

"தெரியாது."

"மூண்டு வருஷமா இருக்கிறாய். தெரியாதோ?"

இப்போது அவள் என்னைத் திகைத்துப் பார்த்தாள். அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து உள்ளி வதக்கும் வாசம் வரும். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மிச்சக் கட்லட்டை ஒரு கோப்பையில் அடுக்கிக்கொண்டு அவளே போய் அந்தக் கதவைத் தட்டினாள். நான் பின்னால் போய் நின்றேன். கதவு சங்கிலியோடு கொஞ்சம் திறந்தது. நரைத்த தலையோடு ஒரு மெலிந்த மனுஷி எட்டிப் பார்த்தாள். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நெக்ஸ்ட் டோர்," என்று எங்கள் கதவைக் காட்டிக் கோப்பையை நீட்டினாள். அவள் கோப்பையையும் எங்கள் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சங்கிலி கழன்றது.

அக்கா அந்த மனுஷியின் கைகளைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள்.

"நாளைக்கு மேசை வாங்கப் போவம்," என்றாள். "பெரிசு வேண்டாம். நீயும் இவவும் சேர்ந்து தூக்கக்கூடியதாப் பாப்பம்."