அமெரிக்க வரலாறும் ஒரு தலையாட்டியும்

பதினோராம் வகுப்பில் நான் அமெரிக்க வரலாறு எடுத்ததற்கு ஒரே காரணம், எனக்குப் பிடித்த மற்ற வகுப்புகள் நிரம்பிவிட்டிருந்ததுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அகதி வழக்கு விசாரணைக்கு வராததால் அப்பா யாரோடும் அளவோடுதான் பேசுவார். என்னையும் அப்படியே இருக்கச் சொல்லியிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில், ஐம்பதுகளில் அமெரிக்கர்கள் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து அயலவர்களையும் கூட வேலை செய்தவர்களையும் காட்டிக்கொடுத்த பாடத்துக்கு வந்தோம். ஆசிரியர் அதை ஒரு விளையாட்டாக நடத்தினார். ஒவ்வொருவர் காதிலும் ‘நீ கம்யூனிஸ்ட்’ அல்லது ‘நீ சாதாரண ஆள்’ என்று சொல்வார். பிறகு நாங்கள் ஒருவரையொருவர் விசாரித்து, கம்யூனிஸ்ட் கலக்காத குழுவாகச் சேரவேண்டும். என் காதில், “நீ சாதாரண ஆள்” என்றார்.

யாரும் என்னைச் சேர்க்கவில்லை. தினமும் என்னிடம் பென்சில் இரவல் வாங்கும் பக்கத்து இருக்கைப் பெண்தான் முதலில் விரல் நீட்டினாள்.

“இவள்தான். பேசுவதே இல்லை. பேசினாலும் முகத்தைப் பார்ப்பதில்லை.”

கேள்விகள் வேகமாக வந்தன. என் ஆங்கிலம் தடுமாறத் தடுமாற அவர்களுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. கடைசியில் ஜன்னலோரம் தனியாக நின்றேன். அப்போது ஆசிரியர், தான் ஒருவரையுமே கம்யூனிஸ்ட் என்று சொல்லவில்லை என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். அப்பா பிசைந்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விட்டுவிட்டார்.

“ஏன் உன்னைக் காட்டினவை?”

“சும்மா விளையாட்டுத்தானே அப்பா.”

“உது என்ன விளையாட்டு? அந்த வாத்தியார் எங்களைப் பற்றி ஏதும் கேட்டவரோ?”

“எந்த நாடு எண்டு ஒருக்காக் கேட்டவர். சிறீலங்கா எண்டன்.”

“காணும். அதுக்கு மேல வாய் திறவாத.”

அதற்குப் பிறகு பாடத்தை விட ஆசிரியரைத்தான் அதிகம் கவனித்தேன். என்னைப் பார்த்துவிட்டு எதையாவது எழுதினால், எதை எழுதுகிறார்? நடைபாதையில் பள்ளியின் உப அதிபரோடு பேசிக்கொண்டிருந்தவர் நான் வரவும் ஏன் நிறுத்தினார்? ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னை நிற்கச் சொன்னார். “அந்த விளையாட்டு உனக்கு எதையாவது நினைவூட்டியதா?” என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். அவர் யாருக்கும் உளவு பார்க்கவில்லை என்றுதான் இன்று நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்க முடியவில்லை.

ஆசிரியர் கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க அஜின்கோர்ட்டுக்குப் போனோம். தமிழ்க் கடைக்கு முன்னால் காரை நிறுத்திய அப்பா எஞ்சினை அணைக்காமல் இருந்தார்.

“ஊரில சுத்திவளைப்பு நடந்தது ஞாபகம் இருக்கோ?”

இருந்தது. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு இராணுவம் கொண்டுபோகும். தலையைச் சாக்கால் மூடிய ஒருவனுக்கு முன்னால் அவர்கள் வரிசையாக நடக்கவேண்டும். சாக்கில் கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். அவன் தலையாட்டினால் அந்த ஆளைப் புலி என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்றுதான் அவனைச் சொல்வோம்.

“என்னை வடிவாப் பாத்தான். தலையாட்டேல்லை. எனக்குப் பின்னால வந்த பெடியனுக்கு ஆட்டினான்.”

அந்தப் பையன் வீடு திரும்பவில்லை என்பது எனக்கும் தெரியும்.

“அந்தக் கண்ணை நான் இஞ்ச கண்டனான் பிள்ளை. இந்தக் கடையிலதான்.”

“ஆரப்பா அது?”

“கண்ணை மட்டும்தானே கண்டனான். பிழையான ஆளைச் சொல்லிப்போட்டா என்ன செய்யிறது?”

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

கடைக்குள் மரக்கறிப் பெட்டிகளைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை, கண்களையே பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து சிரித்தார்.

“என்ன பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம்?”

பக்கத்து நகரமான விட்பியில் படிக்கிறேன் என்று பொய் சொன்னேன். பக்கத்தில் நின்ற அப்பா திருத்தவில்லை. வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா சந்தேகப்பட்டது யாரை என்று கடைசிவரை சொல்லவில்லை. நாங்கள் வேறு கடைக்கும் மாறவில்லை.