ஒன்பது மாத மசக்கை

என் முதல் பிள்ளை மூன்று நாள்தான் இருந்தது. கையில் எடுத்தால் சுற்றிய துணிதான் கனத்தது, பிள்ளை கனக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டாவது தடவை முழுகாமல் இருந்தபோது ஒன்றே ஒன்றைத்தான் முடிவு செய்தேன்: இந்தப் பிள்ளையை விடமாட்டேன்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதம் ஒருமுறை வரும் நர்சம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை என்றார். களி மட்டும் போதாது. கீரை, பயறு, முட்டை, ஈரல் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடச் சொன்னார். சொல்வது சுலபம். அடுப்படி மாமியார் கையில் இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவத்தில் தாய் தங்கமாட்டாள் என்பது அவர் கட்சி. அவருடைய தங்கை அப்படித்தான் போனாராம். அதனால் எனக்கு மத்தியானம் ஒரு உருண்டை களி, புளிச்சாறு. இரவுக்கு அதில் பாதி. முட்டை சூடு, கீரை வாயு, கடலை பித்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம் வைத்திருந்தார்.

முதல் பிள்ளையின்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் எனக்கு என்மேல்தான். ஆனால் எதிர்த்துப் பேசினால் வீடு இரண்டாகும். அப்போதுதான் மாமியார் பயப்படுகிற இன்னொரு சங்கதி நினைவுக்கு வந்தது. மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். மாமியார் ஒருபடி மேலேயே நம்புவார்.

மறுநாள் காலையில் முருங்கைக்கீரைமேல் எனக்கு ஆசை வந்தது.

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொக்கியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அடுத்த வாரம் அவித்த கடலை, அப்புறம் அவரைக்கொட்டைக் குழம்பு, சந்தைக்குப் போகவிருந்த முட்டை. மற்றவர்களுக்கு நாலாம் மாதத்தில் மசக்கை தெளிந்துவிடும். எனக்கு மட்டும் தெளியவேயில்லை. அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஈரலில்தான் மாட்டிக்கொண்டேன். அதன் வாடையே எனக்கு ஆகாது. ஆசை என்று சொல்லிவிட்டேன், கணவரும் வாங்கி வந்துவிட்டார். மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, முதல் துண்டிலேயே குமட்டிக்கொண்டு வந்தது.

“ஆசப்பட்டவ திங்கற மாதிரியா இருக்குது இது?” என்றார்.

“புள்ள கேக்குதுங்க அத்தே. என் வாய்தான் வேண்டாங்குது.”

அவர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டைக் காலி செய்தேன்.

ஐப்பசி மழையில் மகள் பிறந்தாள். சுகப்பிரசவம். வீடு அதிர அழுதாள்; பிரசவம் பார்க்க வந்த நர்சம்மா தூக்கியபோது கனத்தில் அவர் கை தாழ்ந்தது. ஊரையே கூட்டி வந்து காட்டவேண்டும் போலிருந்தது எனக்கு. பிள்ளையை வாங்கிய மாமியார் முதலில் இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்து அழுதார்.

உண்மையை நான் அவரிடம் சொல்லவேயில்லை. அடுத்த வருடம் நாத்தனார் முழுகாமல் தாய்வீடு வந்தாள். வெளுத்துப்போயிருந்தாள், எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த மாமியார், கையில் முட்டைகளோடு என்னிடம் வந்து நின்றார்.

“அவளுக்கு உன்னயாட்டம் பொய் சொல்லத் தெரியாது கண்ணு. அவளுக்கு என்னென்ன ஆசன்னு நீயே சொல்லு, ஆக்கிப் போடறேன்.”

நான் முருங்கைக்கீரையிலிருந்து ஆரம்பித்தேன்.