கதவை இழைக்கும் ஒவிலா

குளிர்காலம் தோறும் இப்படித்தான்: நாற்காலி மேல் ஏறி நின்று, குளியலறைக் கதவின் மேல் விளிம்பை இழைத்துக்கொண்டிருக்கிறார் ஒவிலா தெகாஞே. மரச்சுருள்கள் அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்து, இல்லாத முடிக்கு ஈடுகட்டுகின்றன.

"மரம் ஊதிப்போச்சு. குளிர்னா மரம் ஊதத்தானே செய்யும்" என்கிறார், நாம் கேட்காமலேயே.

மரமாவது ஊதுவதாவது! எங்கள் பனி ஊரான சகெனேயில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும்: வீட்டுக்குள் கதவு இறுகினால், கூரைமேல் பனி ஏறிக் கதவு நிலையை நசுக்குகிறது என்று அர்த்தம். மற்றவர்கள் பனிவாரியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவார்கள். ஒவிலா இழைப்புளியைத் தேடுவார்.

இத்தனைக்கும் ஊர்ச் சாலைகளின் பனியையெல்லாம் வண்டி ஓட்டித் தள்ளியே ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் பார்த்து, கூரையிலிருந்து வழுக்கிப் பனிக்குவியலில் தலைகீழாகச் செருகி நின்றார். அடி ஒன்றும் படவில்லை. யாரோ கைதட்டிவிட்டார்கள். அன்றோடு மேலே போவதை விட்டுவிட்டார். கூலிக்கு ஆள் வைக்கலாமே என்றால், "ஏன், எனக்குக் கைகால் விளங்கலியா?" என்று எகிறுவார். கூரைப் பனி வீட்டுக்குப் போர்வை என்றும், கணப்புச் செலவு மிச்சம் என்றும் பாடம் நடத்துவார். கோபம் முற்றினால், எங்கள் ஊர் வழக்கப்படி, தேவாலயத்தில் உள்ள புனித சாமான்களில் ஒன்றையும் பாக்கி வைக்காமல் இழுத்துத் திட்டுவார்.

இந்தப் பிப்ரவரியில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டி, அதன் மேல் மழையும் பிடித்துக்கொண்டது. மழையைக் குடித்த பனி ஈரச் சிமெண்டு மாதிரி கனக்கும். கட்டிலுக்கு மேலே கூரையில் விரிசல் ஓடியதைப் பார்த்த அவர் மனைவி மார்செலின், சாப்பாட்டு மேசைக்கு அடியில் தன் படுக்கையை விரித்துக்கொண்டார். ஒவிலா கட்டிலிலேயே குறட்டை விட்டார். பக்கத்து வீட்டிலிருந்து இதைக் கேட்ட எனக்கு அந்த மனிதரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை மார்செலின் என் வீட்டு ஜன்னலைத் தட்டினார். ஒவிலா குளிக்கப் போயிருக்கிறார், கதவு இறுகிவிட்டது. நான் போனபோது உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

"ஏ மார்செலின்! இழைப்புளிய எடுத்தா!"

"எடுத்தாந்து? சாவி ஓட்டை வழியா ஊட்டவா? கெடய்யா உள்ளேயே!"

தலைக்கு மேல் உத்தரம் முனகியது. மார்செலின் பனிவாரியை எடுத்தார்.

"நான் ஏறுறேன்க்கா" என்றேன்.

"நீ ஏறினா அந்த மனுஷன் அடுத்த குளிர் வரைக்கும் உன்கூடப் பேசமாட்டாரு. நீ ஏணியப் புடி, அது போதும்."

ஏறிவிட்டார். குளியலறைக்கு நேர் மேலே பனியை வாரி எறியத் தொடங்கினார். நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மேல எவன்டா அது? இறங்குடா!" குளியலறை ஜன்னல் வழியாக ஒவிலாவின் குரல்.

"உன் பொண்டாட்டிதான்யா!"

திருக்கிண்ணம், நற்கருணைப் பேழை, பீடம் எல்லாம் வசவாக அவர் வாயிலிருந்து வரிசையாக வந்தன. பிறகு குரல் இறங்கிச் சன்னமாகக் கேட்டது:

"மார்செலின்... ஓரத்துக்கு மட்டும் போகாத. ஓரம் வழுக்கும். எனக்குத் தெரியாதா?"

"தெரியுதுல்ல? சும்மா இரு."

பாதிக் கூரையில் பனி நீங்கியதும் உள்ளே படாரென்று கதவு திறந்த சத்தம். இடுப்பில் துண்டு, காலில் பனிக்காலணி, வேறொன்றும் இல்லாமல் ஒவிலா இன்னும் விடாத மழைக்குள் ஓடி வந்தார். மனைவி நின்ற இடத்துக்கு நேர் கீழே நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து ஏந்தினார். தெருவில் இரண்டு கார்கள் நின்றுவிட்டன. ஒன்றில் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்கள்.

"உள்ள போய்யா, ஊரே பாக்குது!" என்றார் மார்செலின்.

"நீ இறங்கு மொதல்ல!"

பதிலுக்கு மேலேயிருந்து ஒரு வாரி பனி பொத்தென்று அவர் தலையில் விழுந்தது. துண்டு நழுவத் தொடங்கியது. ஒவிலா விரித்த கைகளை இறக்கவில்லை.