தூத்துக்குடியில் திருத்தப்பட்ட ஒரு சொல்

தூத்துக்குடியில் தமிழ் வளர்க்கிறவர்களுக்குக் கடல் தெரியாது. அவர்கள் சங்கம் கூடும் மண்டபத்திலிருந்து கடற்கரைக்கு இரண்டு பர்லாங்குதான். இருந்தும் தெரியாது.

சென்ற மாசியில் ஒரு மாலை, இரண்டு புதிய கதைக்காரர்களும் ஒரு கவிஞரும் அங்கே வாசிப்பதாக அறிவிப்பு. கதைக்காரரில் ஒருவன் கீழவைப்பார் சூசை, என் நண்பன். அதற்காகவே போனேன். திருநெல்வேலியில் காலை வண்டி. மணியாச்சியில் மாற வேண்டும். மூன்றாம் வகுப்பு பன்னிரண்டணா. யுத்தம் முடிந்தும் கூட்டம் குறையவில்லை, நின்றுகொண்டேதான் வந்தேன். ஸ்டேஷனிலிருந்து ஜட்கா மூன்றணா.

"கதை கேக்கவா அண்ணாச்சி இம்புட்டுத் தூரம் வாரீய?" என்றார் வண்டிக்காரர். "எங் குதிரையக் கேளுங்க, அது சும்மாவே சொல்லும்."

ஐந்தரைக்கு என்று போட்டு ஆறேகாலுக்குத் தொடங்கினார்கள். கவிஞர் முத்தை நிலவின் சிரிப்பு என்று பாடினார், பலத்த கைதட்டல். முதல் கதை ஜமீன் வீட்டுக் காதல். அடுத்து சூசை. போன வருஷம் சங்கு எடுக்க முங்கிச் செத்துப்போன அவன் அண்ணனின் கதை. சங்கத்தின் ஆண்டு மலரில் வரப்போவதால், தலைவரான தமிழ்ப் பண்டிதர் அதைத் திருத்திச் சுத்தப்பிரதி எடுத்து வைத்திருந்தார்.

முதல் வரியிலேயே சூசை நின்றுவிட்டான். அவன் எழுதியது "குளியாள்". முத்தோ சங்கோ எடுக்கக் கடலில் முங்குகிறவனுக்கு இந்தக் கரை முழுவதும் அதுதான் பெயர். பிரதியில் எல்லா இடத்திலும் "கூலியாள்" என்று இருந்தது.

"குளியாளுங்கய்யா," என்றான்.

"குளிப்பவனெல்லாம் குளியாள் என்றால் நானும் குளியாள்தான். காலையில் வெந்நீரில் குளித்தேன்," என்றார் பண்டிதர். மண்டபமே சிரித்தது.

"எங்க அண்ணன் கூலிக்குப் போகலய்யா. கூலின்னா பொழுது சாஞ்சதும் வாங்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பான். சங்கு எடுத்தாத்தான் துட்டு. அன்னைக்கு ஒண்ணும் ஆப்புடல. காதுல ரெத்தம் வந்த பொறவும் அதுக்குத்தான் மறுக்க முங்குனான்."

கதையே அதுதான். கூலியாள் ஏன் மறுபடி முங்க வேண்டும்? இரண்டே எழுத்தை மாற்றி, ஒரு மனிதன் செத்த காரணத்தை அழித்துவிட்டார்கள். சூசை பிரதியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினான். அடுத்து நன்றியுரை, சுண்டல்.

போகிறவர்களுக்கு: தங்குவதற்கு ஸ்டேஷன் பக்கத்துச் சத்திரம் போதும். விடியுமுன் கரைக்குப் போய்விடுங்கள், சங்குத் தோணிகள் கிளம்பும். குளியாள் யார் என்று எவரிடமும் கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள்.

பண்டிதருக்கு ரிப்ளை கார்டு போட்டேன். பதிலுக்கென்று சேர்ந்து வரும் பாதி அட்டையில் என் விலாசத்தையும் நானே எழுதிவிட்டேன். இருபது நாளாகிறது. மலர் இன்னும் அச்சேறவில்லை என்று சூசை எழுதுகிறான்.

ஐயா, குளியாள் என்று போடுங்கள்.