மூடுபனிக்குள் அக்காவிடம் சொன்னது

எங்கள் பாடசாலைச் சாரணியர் முகாம் அந்த முறை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கும் என்று டீச்சர் அறிவித்தபோது வகுப்பே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. வெள்ளிக்கிழமைதான் அக்கா பேசுவாள்.

அக்கா அப்போது ஜோர்தானில் ஒரு காமன்ட் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு, அது வெள்ளிக்கிழமை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குள் சிக்னல் கிடைக்காது. லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி இருக்கும் மேட்டில் ஏறி நின்றால்தான் அவள் முகம் போனில் அசையாமல் நிற்கும். அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, முகம் கழுவி, அவளுக்காகவே ஒரு பொட்டும் வைத்துக்கொண்டு மேட்டுக்கு வருவார். அப்பா வரமாட்டார். சுகமா இருக்கிறாளா என்று கேளுங்கள் என்று எங்களிடம் சொல்லி அனுப்பிவிட்டு, நாங்கள் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பார்.

எனக்கும் அக்காவுக்கும் எட்டு வயது வித்தியாசம். வெளிநாடு போவதற்கு முன்னால் அவள் ராகலை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். இருட்டும் நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்குவாள். சாப்பிட்டுவிட்டு என் கம்பளிக்குள் புகுந்து, ஐஸ் மாதிரி இருக்கும் இரண்டு பாதங்களையும் என் கெண்டைக்காலில் வைப்பாள். நான் கத்துவேன். அவள் சிரிப்பாள். அப்புறம் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் எப்படி விலை பேசினார்கள், எப்படிப் புடவையை உதறிப் பார்த்தார்கள் என்று குரலை மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டுவாள். அவள் போன பிறகு கம்பளி முழுவதும் எனக்கே கிடைத்தது. எப்படிச் சுற்றிப் படுத்தாலும் ஏதாவது ஒரு பக்கத்தால் குளிர் நுழைந்தது.

நானுஓயா ஸ்டேசனில் அவளை வழியனுப்பியதை இப்போதும் நினைத்துக்கொள்வேன். ரயிலில் கூட்டம். பெட்டியை வைக்க இடம் தேடி உள்ளே போனவள் ஜன்னல் பக்கம் வந்து கை காட்டுவாள் என்று நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டே நின்றோம். ரயில் நகர்ந்துவிட்டது. அவள் எந்த ஜன்னலில் வந்து நின்றாளோ, எங்களுக்குத் தெரியவில்லை.

முகாமைப் பற்றி அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அவளிடம் சொன்னேன். காட்டில் தங்கி, தானே குடில் கட்டி, தானே நெருப்பு மூட்டிப் பிழைத்துக்கொள்வதைப் பழக்கப்போகிறார்களாம், ஆனால் நான் போகவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன்.

"நீ போய்ட்டு வா புள்ள. நா எங்க போயிறப் போறேன்? அடுத்த வெள்ளிக்கெழமையும் இங்கதானே இருப்பேன்" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை, ஆனாலும் போனேன்.

முகாம் ராகலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில். கடைசித் தேயிலை மலையைத் தாண்டினால் ஒரு வரிசை டர்பன்டைன் மரம், அதற்கு அப்பால் மானாப்புல், அதற்கும் அப்பால் காடு. போய்ச் சேர்ந்ததும் டீச்சர் எங்கள் போன்களையெல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டுக் கட்டினார். என்னிடம் போன் இல்லை. இருந்த ஒரே போன் அம்மாவுடையது. ஆனாலும் அந்தப் பையைக் கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

பயிற்சி கொடுக்க ஒரு சிங்கள ஆசிரியர் வந்திருந்தார், அவரைச் சேர் என்று கூப்பிட்டோம். நரைத்த மீசை, முழங்கால்வரை காலுறை. தமிழைத் தேடித் தேடிப் பேசுவார், ஆனால் பேசாமல் விடமாட்டார். குடில் கட்டுவதை அவர்தான் காட்டித் தந்தார். கவட்டைக் கம்பு இரண்டை நட்டு, குறுக்கே ஒரு கழியைப் போட்டு, இரண்டு பக்கமும் சரிவாகக் குச்சிகளைச் சாய்த்து, மானாப்புல்லைக் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் மழை உள்ளேதான் ஒழுகும். எங்கள் அணி மேலிருந்துதான் தொடங்கியது. அணித்தலைவி எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி கட்டவைத்தாள்.

அவள் என் வகுப்புத்தான். ஆனால் எங்கள் யாரோடும் சேர்ந்து சிரித்ததில்லை. முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அவிழ்த்துப் போடச் சொல்வாள். அவளுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அன்று மாலை சரியான மழை பிடித்துக்கொண்டது. குடிலுக்குள் ஐந்து பேர் ஒட்டி உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். காலில் ஏறிய அட்டைகளைச் சவர்க்காரம் தடவி எடுத்தோம். மற்றவர்கள் பாட்டுக்குப் பாட்டு விளையாடினார்கள். எனக்கு நினைவெல்லாம் தண்ணீர்த் தாங்கி மேட்டில். இப்போது அம்மா பொட்டு வைத்துக்கொண்டு ஏறியிருப்பார். மழை பெய்கிறதே, குடை கொண்டுபோனாரா? அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் என்னைத் தேடுவாளா, இல்லை மறந்துபோய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாளா? படுக்கும்போது எனக்கு ஒரு பக்கத்தில் அணித்தலைவியின் முதுகு இருந்தது. சூடான முதுகு. ஆனால் அவள் பாதங்களை மடக்கி, யார் மேலும் படாமல் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

சனிக்கிழமை காலையில் நெருப்பும் தண்ணீரும் பழகினோம். தரையில் கிடக்கும் விறகை எடுக்காதே, மரத்திலேயே காய்ந்து நிற்கும் சுள்ளியை ஒடி என்றார் சேர். ஓடைத் தண்ணீரைத் துணியில் வடித்து, வெட்டிய போத்தலில் மணலும் கரியும் நிரப்பி அதன் வழியே விட்டு, அப்புறமும் கொதிக்கவைக்கச் சொன்னார். தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லித் தந்தார். ஓடாதே, வழி தேடாதே, இருக்கும் இடத்தில் உட்கார். விசிலை மூன்று முறை ஊது. தேடுகிறவர்கள் வருவார்கள் என்று நம்பு.

"காட்டுல தொலைஞ்சா கால் சொல்றது கேக்க வேணாம் பிள்ளைங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

பிற்பகலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் காட்டோரத்தில் உட்காரவைத்தார்கள். ஆளுக்கு ஒரு விசில், கொஞ்சம் நெருப்புக்குச்சி, ஒரு பால்மா டின், அதில் வடித்த தண்ணீர், ஒரு பிடி தேயிலைத் தூள். தானே நெருப்பு மூட்டி ஒரு சாயத்தண்ணி வைத்துக் குடிக்க வேண்டும், யாரோடும் பேசக்கூடாது. கூப்பிடு தூரத்தில்தான் அடுத்தவள் இருப்பாள். சேர் இடைக்கிடை விசில் ஊதுவார், நாங்கள் வரிசையாகப் பதில் ஊத வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குமுன் நான் தனியாக இருந்ததே இல்லை. லயத்துக் காம்பிராவின் ஒற்றை அறைக்குள் தனிமை என்று ஒன்று கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமுவார்கள், யாராவது தேங்காய் துருவுவார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கீழேயிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் தேயிலை மறைந்தது, பிறகு டர்பன்டைன் மரங்கள், கடைசியில் எனக்கு எதிரே இருந்த மானாப்புல்லும்.

நெருப்பு பிடிக்கவில்லை. குச்சி குச்சியாக அணைந்தது. சுள்ளிகளை உரித்து, உள்ளே காய்ந்த நாரைச் சீவி, குனிந்து ஊதி ஊதிக் கண் எரிந்தது. கடைசிக் குச்சிக்கு முந்தியதில் ஒரு சின்ன நாக்கு எழுந்தது. மெல்ல அடுத்த நாரைத் தொட்டது. அப்புறம் சுள்ளி படபடவென்று பற்றிக்கொண்டது.

"அக்கா, இங்க பாரேன், பத்திருச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் வாய்விட்டுச் சொன்னது தெரிந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டேன். காடு ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சொன்னேன். குடிலை இரண்டு முறை கட்டியதையும், அட்டை ஏறியதையும், சேரின் தமிழையும் அவரைப் போலவே பேசிச் சொன்னேன். போனில் பேசும்போது பின்னால் அம்மா நிற்பார், அக்காவுக்குப் பின்னால் அறையில் பத்துப் பேர் நடமாடுவார்கள். சாப்பிட்டாயா, மழையா என்பதிலேயே நேரம் போய்விடும். இங்கே யாரும் இல்லை. கம்பளிக்குள் குளிர் வருவதைச் சொன்னேன். அம்மா அவளுடைய பழைய செருப்பை இன்னும் வாசலில் வைத்திருப்பதைச் சொன்னேன். நானுஓயாவில் எந்த ஜன்னலில் நின்றாய் என்று கேட்டேன். அழுகை வந்தது. புகை என்று நினைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டேன்.

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அணித்தலைவி. அவள்தான் எனக்கு அடுத்தவள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"யாருகூடடி பேசுற?"

"எங்கக்காகூட" என்றேன்.

டீச்சரிடம் சொல்லிவிடுவாள் என்று பயந்தபடி இருந்தேன். டின்னில் தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியது. பிறகு அதே குரல், ஆனால் முடிச்சை அவிழ்க்கச் சொல்கிற குரல் இல்லை.

"எங்கம்மாகிட்டயும் சொல்றியா? நானும் தனியா நெருப்பு வச்சிட்டேன்னு."

"நீயே சொல்லு. இங்க யாருக்கும் கேக்காது" என்றேன்.

அவள் சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து மிக மெல்லிய பேச்சு ஒன்று கேட்டது. அம்மா என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. மற்றது கேட்கக்கூடாது என்று நான் நன்றாக எரிந்துகொண்டிருந்த நெருப்பைக் குனிந்து சத்தமாக ஊதினேன். சேரின் விசில் வந்தது. நான் ஊதினேன். அவள் முறை வந்தபோது ஊத நேரமாயிற்று. பிறகு ஊதினாள்.

மூடுபனி விலகியதும் சேர் ஒவ்வொருவரிடமும் வந்து டின்னை எட்டிப் பார்த்தார். பயமா இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு, ஈர விறகு ரொம்பப் புகை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அணித்தலைவி அதைப் பற்றிப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அன்று படுக்கும்போது அவள் பாதங்கள் மடங்கியிருக்கவில்லை. குளிர்ந்துபோய் வந்து என் காலில் பட்டன. நான் காலை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே அக்கா என்ன சொன்னாள் என்று அம்மாவிடம் கேட்டேன். ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லையாம். கம்பளி கொண்டுபோனாளா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாளாம்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்காக மனதுக்குள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மேட்டுக்கு முதல் ஆளாக ஏறினேன். அக்கா மெலிந்திருந்தாள். அந்த வாரம் ஓவர்டைம் என்றாள். கட்டிலில் படுத்தபடி போனைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தாள். நான் குடில் கட்டியதிலிருந்து தொடங்கினேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நெருப்பு பற்றிய இடத்துக்கு வந்தபோது ம் வரவில்லை. பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

நான் அழைப்பை வெட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"வெட்டாத. தூங்கட்டும். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருப்போம்."

இருட்டும்வரை நாங்கள் இருவரும் தண்ணீர்த் தாங்கிப் பக்கத்தில் போனைப் பிடித்தபடி நின்று அவள் தூங்குவதைப் பார்த்தோம். டேட்டா முடிந்து திரை நின்றது. அம்மா முந்தானையால் போனைத் துடைத்து என்னிடம் தந்தார். அப்பா வாசலில் காத்திருந்தார். சுகமாக இருக்கிறாள் என்று அம்மா சொன்னார்.

ஒப்பந்தம் முடிந்து அக்கா திரும்பி வந்தாள். வந்த சில மாதத்தில் வவுனியாப் பக்கம் கல்யாணம் ஆகிப் போனாள். நான் படித்து முடித்து இப்போது டிக்கோயாவில் கற்பிக்கிறேன். லீவுக்கு அவள் வீட்டுக்குப் போவேன். அங்கே கம்பளியே தேவையில்லை, விடிய விடிய மின்விசிறி சுற்றும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வயல் வேலை, மாட்டு வேலை. நாளெல்லாம் பக்கத்திலேயே இருக்கிறோம், ஆனால் பேச உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று கூப்பிடுகிறது. அவளைப் பார்க்காத காலத்தைவிட அவள் வீட்டில் இருக்கும்போதுதான் சில நேரம் மனம் அவளை அதிகம் தேடுகிறது.

போன டிசம்பரில் மாலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். திடீரென்று அவள் கேட்டாள்: "அந்தக் கேம்ப்ல என்னா செஞ்சீங்க? நீ சொல்லச் சொல்ல நா தூங்கிட்டேன்ல."

அவளுக்கு அது நினைவிருக்கும் என்று நான் எண்ணியதே இல்லை. மானாப்புல்லில் குடில் கட்டியதைச் சொன்னேன். சேரைப் போலப் பேசிக் காட்டினேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், துணிக்கடைக் கதை சொல்லும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. மூடுபனிக்குள் பேசியதைச் சொல்ல வாய் எடுத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அன்று யாரிடம் சொன்னேனோ அவள் தூரத்தில் இருந்தவள். இவள் இதோ கை நீட்டினால் தொடும் இடத்தில் இருக்கிறாள்.

"தனியா உக்காந்து சாயத்தண்ணி வச்சுக் குடிச்சேன்" என்று மட்டும் சொன்னேன்.

"பயப்படலயா?"

"இல்ல."

சின்னவள் பசிக்கிறது என்று வந்து அவள் மடியில் விழுந்தாள். அக்கா எழுந்து உலை வைக்கப் போனாள். மிச்சக் கீரையை நான் ஆய்ந்து முடித்தேன்.