சிவப்புக் கோடு போட்ட போத்தல்

பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் எடுப்பவள் நான்தான். ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வைத்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அம்மா நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவள். பதுளையில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்த பிறகும் நாங்கள் இருவரும் தோட்டம் கொடுத்த அதே லயத்துக் காம்பராவில்தான் இருந்தோம். ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. சிறுநீர்ப் பாதையில் கிருமி என்று டொக்டர் மாத்திரை தந்தார். தண்ணீரை நிறையக் குடிக்கச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். யார் எதைச் சொன்னாலும் அவள் தலையை ஆட்டுவாள்.

அந்தத் தலையாட்டலை நம்பி விட்டுவிட நான் என்ன அவ்வளவு லேசுப்பட்டவளா? இரண்டு லீற்றர் போத்தல் ஒன்று வாங்கி, என் சிவப்பு நகப்பூச்சால் எட்டுக் கோடு போட்டேன். கோட்டுக்கு ஒரு மணித்தியாலம் என்று அட்டவணை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன்.

"மொதல்ல கஷ்டமா இருக்கும்மா. பழகிட்டா ஒண்ணுமில்ல" என்றேன்.

அம்மா ஒரு நாளும் தவறவில்லை. சாயந்தரம் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போத்தலை நீட்டுவாள். ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. நான் அட்டவணையில் சரி போடுவேன். வகுப்பிலும் அவளைத்தான் உதாரணம் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு இருக்கும் ஒழுங்கு உங்களுக்கு இல்லையே என்று பிள்ளைகளைத் திட்டினேன்.

மூன்றே மாதத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. எனக்கு அம்மா மேல்தான் கோபம். மாத்திரையைப் பாதியில் விட்டாயா, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். பெற்றவளிடம் கேட்கக் கூடாததையும் கேட்டேன். அடுத்த நாள் சாயந்தரமும் அவள் காலிப் போத்தலை நீட்டினாள்.

ஒரு நாள் மண்சரிவு அபாயம் என்று பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். வானம் என்னவோ வெளுத்துத்தான் கிடந்தது. மலையில் வேலையும் நடந்தது. அம்மா மாத்திரையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு நான் மேலே ஏறினேன். ரோட்டு வளைவில் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். அம்மா குனிந்து, போத்தலில் இருந்த தண்ணீரை ரோட்டோரக் கானில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. கடைசிக் கோடு வரை நிதானமாக ஊற்றினாள்.

நான் கத்தினேன். அத்தனை பேருக்கும் முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டினேன். அம்மா மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் பெண்தான் பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இன்னைக்கு உங்களுக்கு லீவுதானே? எங்களோட நின்னு அந்தத் தண்ணிய நீங்க குடிச்சுப் பாருங்க."

வீம்புக்கு நின்றேன். மலைத் தண்ணீர் விழும் பீலியில் போத்தலை நிரப்பிக்கொண்டு கோடு தவறாமல் குடித்தேன். ஐந்தாவது கோட்டில் அடிவயிறு முட்டிவிட்டது. எங்கே போவது? மேட்டில் ஆண்கள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே பஸ் ஓடும் ரோடு. நடுவில் கங்காணி. லயத்துக்கு இறங்கிப் போய்த் திரும்ப ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். வேலைக்காரி அப்படிப் போனால் கொழுந்து நிறை குறையும், அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், பாதிச் சம்பளம்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை அடக்கினேன். கடைசியில் இரண்டு பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் திரையாகப் பிடிக்க, நான் தேயிலைக்கு நடுவில் குந்தினேன். எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"தெனமும் இப்பிடித்தானா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"தெனமும் யாரு புள்ள படங்கு பிடிப்பா? குடிச்சாத்தானே வரும். காலையில வாயக் கொப்புளிச்சுத் துப்பிட்டு வந்தா சாயந்தரம் வரைக்கும் தாங்கும். மொதல்ல கஷ்டமா இருக்கும். பழகிட்டா ஒண்ணுமில்ல."

நான் சொன்ன அதே வார்த்தை. அவளுக்கு அது பதினாறு வயதில், மலைக்கு வந்த முதல் வருஷமே தெரிந்திருக்கிறது. அட்டவணை இல்லாமல், சரி போட ஆள் இல்லாமல், நாற்பது வருஷம் விடாமல் காத்த பழக்கம்.

"பிறகு ஏன் என்னை ஏமாத்தின?"

"நீ சரி போட்டுச் சந்தோசப்பட்ட. அத ஏன் கெடுக்கணும்."

மலையில் கக்கூஸ் வேண்டும் என்று தோட்டத்து ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷம் கழித்துக் கட்டினார்கள், கீழே ஃபேக்டரிக்குப் பக்கத்தில், அதைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில். கட்டிவிட்டோமே டீச்சர் என்றார் கிளாக்கர். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றிக்காக என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை. அம்மாவை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருக்க வேண்டும். வேலையை விட்டால் காம்பராவையும் விட வேண்டிவரும் என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் எனக்கும் வசதியாக இருந்தது.

போன வருஷம் அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. கிருமி திரும்பத் திரும்ப வந்து இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது என்றார் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டர். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இனி ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாது. தேத்தண்ணியும் சேர்த்துத்தான். கஷ்டம்தான், ஆனா கட்டுப்பாடா இருக்கோணும்."

அம்மா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"அது எனக்குக் கஷ்டமில்லிங்க. நல்லாப் பழகினதுதான்."

இப்படி ஒரு நோயாளி கிடைப்பது அபூர்வம் என்று டொக்டர் பாராட்டினார். எனக்கு அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழைய போத்தலை அவளே தேடி எடுத்தாள். நாலு கோடு வரைக்கும்தானே என்று கேட்டு, அளந்து ஊற்றி வைத்துக்கொண்டாள். இப்போது நாங்கள் பதுளையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மா வேலைக்குப் போவதில்லை. கட்டிலிலிருந்து பத்து அடி நடந்தால் கக்கூஸ், உள்ளே லைட், உள்ளே தாழ்ப்பாள். அங்கே போக அவளுக்குத்தான் ஒன்றும் வருவதில்லை.